பழைய கம்பெனியின் பெயரா, அங்கே பார்த்த வேலையா?

சின்ன ஆபீசுக்கு ஆள் எடுக்கும்போது நாம் வழக்கமாக என்ன பார்க்கிறோம்? என்ன டிகிரி, டைப்பிங் ஸ்பீடு எவ்வளவு, டேலி தெரியுமா, எக்செல் எந்த அளவுக்கு வரும், வீடு எவ்வளவு தூரம். 'முன் அனுபவம்' என்ற வரிக்கு வந்ததும் வருடங்களை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். இரண்டு வருடம் என்றால் நல்லது, ஐந்து வருடம் என்றால் சம்பளம் அதிகம் கேட்பார், அவ்வளவுதான்.

ஆனால் இப்போது எங்கள் பக்கம் வரும் பயோடேட்டாக்களில் அந்த ஒரு வரியைத்தான் நின்று படிக்க வேண்டியிருக்கிறது. "பிராசஸ் அசோசியேட், கலெக்‌ஷன்ஸ், பெங்களூரு." "கஸ்டமர் சப்போர்ட், பின்டெக்." "டேட்டா என்ட்ரி, தாய்லாந்து." கம்பெனி பெயரை நாம் கேள்விப்பட்டே இருக்க மாட்டோம். இன்டர்நெட்டில் தேடினால் சில சமயம் ஒன்றுமே வராது. சில சமயம் போலீஸ் செய்தி வரும்.

வந்தால் என்ன செய்வது? அந்தப் பயோடேட்டாவை ஒதுக்கிவிடலாமா? ஆளைக் கூப்பிட்டுப் பேசலாமா? எடுத்தால் எந்த கம்ப்யூட்டரில் உட்கார வைப்பது? சென்ற வருடம் எனக்கு இந்தப் பிரச்சினை வந்தது. உங்களுக்கும் வரலாம் என்பதால் எழுதுகிறேன்.

தேனியில் நான் நடத்துவது நான்கு கம்ப்யூட்டர் உள்ள சின்ன ஆபீஸ். ஜிஎஸ்டி ரிட்டர்ன், பான் கார்டு, பாஸ்போர்ட் விண்ணப்பம், ஏலக்காய் வியாபாரிகளுக்கு டேலி கணக்கு. போடியில் ஏலம் முடிந்ததும் பில்கள் எங்களுக்கு வரும். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வரைக்கும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இவர்கள் நம்மிடம் எதையெல்லாம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு நாள் உட்கார்ந்து பட்டியல் போட்டுப் பாருங்கள். ஆதார் நகல், பான் நகல், பாஸ்புக் முதல் பக்கம், குடும்ப போட்டோ, செல் நம்பர். பாதிப் பேர் ஓடிபி வந்ததும் போனையே நம் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள். பெரிய கம்பெனியில் ஒரு ஊழியருக்கு இவ்வளவும் ஒரே இடத்தில் கிடைக்காது. நம் மாதிரி சின்ன ஆபீசில் எல்லாம் ஒரே 'டி' டிரைவில்தான் கிடக்கும்.

அதனால்தான் சின்ன ஆபீசில் இந்தக் கேள்வி பெரிய கேள்வி.

லோன் ஆப் கால்சென்டர் எப்படி இயங்கியது?

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு ஆண்ட்ராய்டு போனில் 'ஐந்தே நிமிடத்தில் கடன்' ஆப்கள் பெருகியது நினைவிருக்கும். ஐயாயிரம் கேட்டால் கட்டணம் பிடித்துக்கொண்டு மூவாயிரத்து ஐந்நூறோ என்னவோ வரும். ஏழாம் நாள் முழு ஐயாயிரம் கட்ட வேண்டும். இத்தனைக்கும் 60 நாளுக்குள் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கும் கடன் ஆப்களை பிளே ஸ்டோரில் அனுமதிப்பதில்லை என்று கூகுள் 2019-லேயே விதி போட்டிருந்தது. விளக்கப் பக்கத்தில் 90 நாள் என்று எழுதிவிட்டு, உள்ளே ஏழு நாள் கணக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஆப் இன்ஸ்டால் ஆனதும் கான்டாக்ட்ஸ், போட்டோ கேலரி, லொகேஷன் எல்லாவற்றுக்கும் 'அலவ்' கேட்கும். ஆண்ட்ராய்டு 6-லிருந்தே இந்த அனுமதிகளை ஒவ்வொன்றாக மறுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் மறுத்தால் இந்த ஆப் அடுத்த ஸ்கிரீனுக்கே போகாது. பணம் அவசரம், அழுத்திவிடுவார்கள். அழுத்திய சில நொடிகளில் போனில் உள்ள நம்பர்கள் அத்தனையும் சர்வருக்குப் போய்விடும். எங்கள் பள்ளத்தாக்கில் தண்டல்காரரும் மீட்டர் வட்டியும் புதிதல்ல. கந்துவட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. தண்டல்காரருக்கு உங்கள் வீட்டு வாசல் தெரியும். இந்த ஆப்புக்கு உங்கள் சம்பந்தி, உங்கள் பிள்ளையின் கிளாஸ் டீச்சர், உங்கள் முதலாளி எல்லோரையும் தெரியும்.

அந்த நம்பர்களை வைத்துக்கொண்டு யார் பேசினார்கள்? அதற்குத்தான் கால்சென்டர். தெலங்கானாவில் சிலர் தற்கொலை செய்துகொண்ட பிறகு, 2020 டிசம்பரில் அந்த மாநிலப் போலீசார் ஹைதராபாத்திலும் குருகிராமிலும் கால்சென்டர்களைச் சோதனை போட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் கல்லூரி முடித்த பையன்களும் பெண்களும். மாதம் பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் சம்பளம். 2021 ஜனவரி தொடக்கத்தில் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீசார் பெங்களூரு வரை போய், இரண்டு சீனர்கள் உட்பட நான்கு பேரைக் கைது செய்தார்கள். அங்கேயும் கால்சென்டர், அங்கேயும் நம் ஊர்ப் பிள்ளைகள் வயதில் ஊழியர்கள்.

ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2021 நவம்பரில் அறிக்கை கொடுத்தது. அந்த வருடம் ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதத்தில் இந்திய ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த கடன் ஆப்கள் சுமார் 1,100. அதில் 600 சட்டவிரோதமானவை. 600 ஆப் என்றால் அதற்குப் பேசிய வாய்கள் எத்தனை ஆயிரம் என்று யோசியுங்கள். அவர்களெல்லாம் எங்கே போயிருப்பார்கள்? ஊருக்குத் திரும்பி வேறு வேலை தேடியிருப்பார்கள். தேனிக்கும் வந்திருப்பார்கள்.

'எந்த பக்கெட்?'

நான் பேப்பரில் விளம்பரம் கொடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நாலு பேரிடம் சொன்னேன், பதினான்கு பயோடேட்டா வந்தது. வேலைக்குப் பொருத்தமாக இருந்தவை மூன்று. அதில் இரண்டு பேர் வசூல் வேலை பார்த்தவர்கள்.

ஒருவர் பையன். பிரபலமான ஒரு தனியார் வங்கிக்கு வசூல் செய்துகொடுக்கும் ஏஜென்சியில் மூன்று வருடம். வங்கியின் பெயரைச் சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்னொருவர் பெண். உத்தமபாளையம் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ். 2021 ஜூன் முதல் 2022 பிப்ரவரி வரை பெங்களூரில் ஒரு லோன் ஆப் கால்சென்டர். அதற்குப் பிறகு ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் பில்லிங். பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதென்றால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். பையன் உள்ளே, பெண் வெளியே.

பெயரை வைத்து எடைபோடுவதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு தனி அனுபவம் உண்டு. சென்னையில் வீடு வாடகைக்குக் கேட்கும்போது 'சொந்த ஊர் கம்பம்' என்று சொல்லிப் பாருங்கள். திராட்சையைப் பற்றிக் கேட்பவர் பாதி, கஞ்சாவைப் பற்றிச் சிரித்துக்கொண்டே கேட்பவர் பாதி. சரி, அது கிடக்கட்டும்.

வசூல் கால்சென்டர் எதுவானாலும் வேலையைப் 'பக்கெட்' என்று பிரிப்பார்கள். தவணை தவறி எத்தனை நாள் ஆனது என்பதுதான் பக்கெட். கெடு தேதிக்கு முன்னால் ஞாபகப்படுத்துவது ஒரு பக்கெட். ஒன்றிரண்டு நாள் தாண்டினால் அடுத்தது. அதற்கும் மேலே போனால் வேறு ஆட்கள், வேறு குரல். ஆகவே 'லோன் ஆப்பில் வேலை பார்த்தேன்' என்ற ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு மூன்று வெவ்வேறு வேலைகள் இருக்கின்றன. இன்டர்வியூவில் கேட்க வேண்டியது கம்பெனி பெயரை அல்ல, பக்கெட்டை. உங்கள் ஸ்கிரீனில் என்னென்ன தெரிந்தது என்று கேளுங்கள். கேலரி போட்டோ தெரிந்ததா? கான்டாக்ட்ஸ் தெரிந்ததா? டார்கெட் என்ன? எந்த நம்பரிலிருந்து கூப்பிட்டீர்கள், கம்பெனி நம்பரா, தினம் ஒரு சிம்மா? இவற்றுக்குக் கதை விடுவது கஷ்டம். ஸ்கிரீனைப் பார்த்தவரால்தான் ஸ்கிரீனைச் சொல்ல முடியும்.

அந்தப் பெண் சொன்னதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன்.

"முதல் நாலு மாசம் ஞாபகப்படுத்துற பக்கெட் சார். இன்னைக்கு கட்டணும், லிங்க் அனுப்புறேன்னு சொல்றதுதான். அப்புறம் மாத்தி விட்டாங்க. அதுல ஸ்கிரீன்லயே அவங்க கான்டாக்ட்ஸ் வரும். அப்பா, அம்மா, ஆபீஸ்னு சேவ் பண்ணியிருக்கிற பேரெல்லாம் மேல வரும்."

"அந்த நம்பருக்கெல்லாம் நீங்க பேசினீங்களா?"

"பேசினேன் சார்."

"எத்தனை மாசம்?"

"அஞ்சு மாசம்."

"போட்டோ?"

"போட்டோ வேலை எங்க ஃப்ளோர்ல இல்ல. வேற இடத்துல பண்றாங்கன்னு தெரியும் சார். தெரியாதுன்னு சொல்ல மாட்டேன்."

ஏன் வெளியே வந்தீர்கள் என்று கேட்டேன். இந்த இடத்தில் பெரும்பாலும் எல்லோரும் ஒரு நல்ல காரணம் வைத்திருப்பார்கள். இவர், "டார்கெட் முடிக்கலன்னு ரெண்டு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒரு நாள் லிஸ்ட்ல சின்னமனூர்க்காரங்க ஒருத்தங்க வந்தாங்க. அட்ரஸைப் பார்த்ததும் எனக்கு அந்தத் தெருவே தெரிஞ்சுது. அந்தக் காலை மட்டும் போடல. அடுத்த மாசம் வந்துட்டேன்" என்றார். சம்பளப் பிடித்தத்தை முதலில் சொன்னதை நான் கவனித்தேன். கதை தயார் செய்துகொண்டு வந்தவர் என்றால் இந்த வரிசையில் சொல்லியிருக்க மாட்டார்.

இனி அந்தப் பையன். நன்றாகப் பேசினார். "வீட்டு வாசல்ல போய்ச் சும்மா நின்னாலே போதும் சார். அக்கம்பக்கம் பாத்தாங்கன்னா தானா கட்டிருவாங்க" என்று சிரித்தார். வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக்கூடாது, கடன்காரரை மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டதே, தெரியுமா என்று கேட்டேன். "அதெல்லாம் டிரெய்னிங்ல சொல்வாங்க சார்" என்றார். கடைசியில் எழுந்திருக்கும்போது ஒரு உதவி போலச் சொன்னார்: "பழைய கஸ்டமர் லிஸ்ட் முழுசும் எக்செல்ல என்கிட்ட இருக்கு சார். பான் கார்டு, ஐ.டி. ரிட்டர்ன்னு நம்ம ஆபீசுக்கு ஆள் பிடிக்கலாம்."

எனக்கு அந்த நிமிடமே முடிவாகிவிட்டது. பழைய ஆபீஸ் லிஸ்ட்டைப் பென் டிரைவில் கொண்டு வருகிறவர், நம் லிஸ்ட்டையும் ஒரு நாள் பென் டிரைவில் கொண்டு போவார். நல்ல பெயருள்ள வங்கியின் நிழலில் வேலை பார்த்தவர் இவர்.

சத்யம் ஞாபகம் இருக்கிறதா?

கம்பெனி பெயர் கெட்டுப்போனால் ஊழியர் எல்லோரும் கெட்டவர்களா என்ற கேள்வி நம் ஐ.டி. உலகத்துக்கு முதன்முதலில் பெரிய அளவில் வந்தது 2009 ஜனவரி 7 அன்று. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் சுமார் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். கம்பெனி அப்போது காட்டிய ஊழியர் எண்ணிக்கை சுமார் 53,000. சென்னையில் மட்டும் எத்தனையோ குடும்பங்கள். அடுத்த மாதம் சம்பளம் வருமா என்று தெரியாமல் எல்லோரும் பயோடேட்டாவைத் தட்டினார்கள்.

அவர்களில் பெரும்பாலானவர்கள் கோடு எழுதினார்கள், டெஸ்டிங் செய்தார்கள், அமெரிக்க கிளையன்டுக்கு ராத்திரி கால் எடுத்தார்கள். மோசடி நடந்தது பில் போடும் சாஃப்ட்வேரில். 'சூப்பர் யூசர்' லாகின் வைத்து ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பொய் பில்கள் உள்ளே ஏற்றப்பட்டு, மற்றவர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டிருந்தன என்று சிபிஐ கண்டுபிடித்தது. 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 10 பேரை. அவர்களும் மேல்முறையீடு செய்ய, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது. பல்லாயிரம் பேரில் பத்துப் பேர். அந்தச் சமயத்தில் இன்டர்வியூவில் 'சத்யமா?' என்று புருவத்தைத் தூக்கியவர்கள் தூக்கியதற்கு அர்த்தமே இல்லை. கேட்டிருக்க வேண்டியது 'உங்களுக்கு எந்த லாகின் இருந்தது?' என்பதைத்தான்.

ஆனால் லோன் ஆப் விஷயத்தைச் சத்யத்தோடு அப்படியே ஒட்டிப் பார்க்க என்னால் முடியவில்லை. சத்யத்தில் தப்பு நடந்தது ஒரு மூலையில், அதுவும் ஊழியர்களுக்குத் தெரியாமல். லோன் ஆப் கால்சென்டரில் கடைசி பக்கெட் வேலையே தப்புதான். ஹெட்போனை மாட்டியவருக்கு எதிர்முனையில் அழுகிற குரல் கேட்டிருக்கும். 'எனக்குத் தெரியாது' என்ற பதில் அங்கே செல்லாது. அந்தப் பெண் அதைச் சொல்லவில்லை என்பதால்தான் மேற்கொண்டு பேசினேன்.

தாய்லாந்து என்று எழுதியிருந்தால்

இது வேறு ரகம். இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 'தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டாலரில் சம்பளம்' என்று கூட்டிப் போய், எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி பக்கம் அடைத்து வைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்த கதை 2022-ல் நம் தமிழ்ப் பையன்கள் அனுப்பிய வீடியோவால்தான் இங்கே எல்லோருக்கும் தெரிந்தது. அந்த வருடம் அக்டோபர் முதல் வாரத்தில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேர், கம்போடியாவில் சுமார் 1,00,000 பேர் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, அடித்து வேலை வாங்கியிருக்கிறார்கள். அப்படிச் சிக்கித் திரும்பியவரிடம் 'ஏன் செய்தாய்' என்று நாம் கேட்பது நியாயமே இல்லை. தூதரகம் கொடுத்த அவசரப் பயண ஆவணம், ஊரில் போலீசார் எடுத்த வாக்குமூலம் என்று ஏதாவது ஒரு தாள் அவர்களிடம் பெரும்பாலும் இருக்கும். அதைப் பார்த்தாலே போதும், நோண்ட வேண்டாம். ஆனால் இவரே நாலு பேரை அங்கே அனுப்பிவைத்து கமிஷன் வாங்கியவரா என்பதை மட்டும் ஊரில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெயரை எப்படிச் சரிபார்ப்பது?

பெயர் போதாது என்று சொன்னாலும், பெயரையும் பார்க்கத்தான் வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. போனில் இருக்கும் ஆப்பின் பெயர் ஒன்று, கடன் கொடுத்ததாகக் காட்டும் நிதி நிறுவனத்தின் பெயர் ஒன்று, கால்சென்டர் கம்பெனியின் பெயர் மூன்றாவது. பயோடேட்டாவில் இருப்பது அந்த மூன்றாவது. அதனால் ஆளிடமே 'நீங்க எந்த ஆப்புக்குப் பேசினீங்க?' என்று கேட்டுவிடுங்கள்.

மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பெயரைக் கொடுத்தால் எப்போது பதிவானது, இப்போது நடக்கிறதா, மூடப்பட்டதா என்பது தெரியும். பதிவு பெற்ற நிதி நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் தளத்தில் வைத்திருக்கிறது. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் பயன்படுத்தும் கடன் ஆப்களின் பட்டியலையும் 2025 ஜூலை முதல் பார்க்க முடிகிறது. வேலை பார்த்த தேதிகளுக்கு, பி.எஃப். பிடித்திருந்தால் அவர் தன் யுஏஎன் நம்பரில் லாகின் செய்து 'சர்வீஸ் ஹிஸ்டரி' பக்கத்தைக் காட்டலாம். அவர் முன்னால், அவரே திறந்து காட்டட்டும். பாஸ்வேர்டை நாம் கேட்டு வாங்கக்கூடாது. பல லோன் ஆப் கால்சென்டர்களில் பி.எஃப்.பே பிடிக்கவில்லை, அப்பாயின்ட்மென்ட் லெட்டர்கூட இல்லை. இவரிடமும் இல்லை. வங்கிக் கணக்கில் சம்பளம் வந்த வரிகளைக் காட்டினார். அனுப்பியவர் பெயர் மாதத்துக்கு ஒன்றாக இருந்தது.

இப்போது சட்டம் எவ்வளவோ இறுகிவிட்டது. கடன் ஆப் போனில் உள்ள கான்டாக்ட்ஸ், பைல்கள், கால் லிஸ்ட்டைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதித்தது. கூகுளும் 2023 மே 31 முதல் பிளே ஸ்டோரில் உள்ள கடன் ஆப்கள் கான்டாக்ட்ஸையும் போட்டோவையும் எடுக்கத் தடை போட்டது. மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்கத் தமிழக சட்டமன்றமும் 2025-ல் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. பிளே ஸ்டோருக்கு வெளியே, லிங்க் மூலம் வரும் ஏபிகே பைல்களுக்கு இந்தத் தடையெல்லாம் பொருட்டே இல்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி மிரட்டல் வந்தால் 1930 என்ற நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

எடுத்த பிறகு செய்த செட்டிங்

அந்தப் பெண்ணை எடுத்தேன். மூன்று மாதம் தற்காலிகம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். நான் செய்த ஏற்பாடுகளை அவரிடம் மறைக்கவில்லை. அதோடு, நாலு கம்ப்யூட்டருக்கும் ஒரே மாதிரிதான் செய்தேன். ஒருவருக்கு மட்டும் பூட்டு போட்டால் ஆபீசில் அதுவே ஒரு பேச்சாகிவிடும்.

விண்டோசில் ஒவ்வொருவருக்கும் 'ஸ்டாண்டர்டு யூசர்' கணக்கு. அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு என்னிடம் மட்டும். வாடிக்கையாளர் போல்டரில் ரைட் க்ளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி. அங்கே அட்வான்ஸ்டு போய் 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்து, 'யூசர்ஸ்' போன்ற பொதுவான வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு, யாருக்கு வேண்டுமோ அவர் பெயரை மட்டும் சேர்த்தால் மற்றவரால் திறக்க முடியாது. விண்டோஸ் ஹோம் பதிப்பிலும் இது வேலை செய்யும்.

பென் டிரைவைத் தடுக்க ரெஜிஸ்ட்ரியில் சர்வீசஸ் பகுதியில் 'யூஎஸ்பிஸ்டோர்' என்ற கீ இருக்கிறது. அதில் 'ஸ்டார்ட்' மதிப்பு 3 என்று இருக்கும், அதை 4 ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தால் போதும். மவுஸ், பிரிண்டர் வழக்கம்போல ஓடும். ரெஜிஸ்ட்ரியில் கை வைக்கும் முன் பேக்அப் எடுத்துக்கொள்ளுங்கள். கவனம், செல்போனைக் கேபிளில் செருகினால் இது தடுக்காது, அது வேறு டிரைவர். அதனால் சார்ஜருக்குத் தனி பிளக் வைத்து, கம்ப்யூட்டரில் போன் செருகக்கூடாது என்று ஆபீஸ் விதியே போட்டுவிட்டேன்.

டேலியில் 'செக்யூரிட்டி'யை இயக்கி ஆளுக்கொரு யூசர் கொடுத்தேன். டேலி பிரைமில் எடிட் லாக் உள்ள பதிப்பில் யார் எந்த என்ட்ரியை எப்போது மாற்றினார்கள் என்பது அழியாமல் இருக்கும். குரோமில் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகளை எல்லாம் அழித்தேன். உண்மையில் இவை யார் வேலைக்கு வந்தாலும் என்றோ செய்திருக்க வேண்டியவைதான், எந்த ஆபீசுக்கும். ஆதார் நகல் வேண்டியபோது, முடிந்த இடத்தில் எல்லாம், கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் 'மாஸ்க்டு ஆதார்' டவுன்லோடு செய்து வாங்குகிறோம்.

மூன்று மாதம் அவருக்குக் கொடுத்தது ஏலக்காய் பில் என்ட்ரி மட்டும். வாடிக்கையாளரிடம் போனில் பேசும் வேலை கொடுக்கவில்லை. அது அவருக்கே பிடித்திருந்தது. போன் மணி அடித்தால் இன்றும் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்காருவார்.

ஒரு விஷயம் மிச்சம் இருந்தது. எங்கள் வாடிக்கையாளர்களில் பூ வியாபாரம் செய்யும் ஒரு அம்மா, 2021-ல் இதே மாதிரி ஒரு ஆப்பில் சிக்கியவர். சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போய், மகள் நிச்சயதார்த்தம் வரை பேச்சு போனது. சைபர் கிரைம் போலீசுக்குப் புகார் தட்டிக் கொடுத்ததே நாங்கள்தான். அவருடைய தாள்கள் எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. புதிதாக வந்தவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்பதை அவரிடம் சொல்லத்தான் வேண்டுமா? ஊழியரின் பழைய கதையை வாடிக்கையாளரிடம் சொல்வது பொதுவாக முறையல்ல. ஆனால் இவர் விஷயத்தில் சொல்லாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. முதலில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "சொல்லுங்க சார், பின்னாடி தெரிஞ்சா இன்னும் கஷ்டம்" என்றார்.

அந்த அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க ஆபீசு, யாரை வேணும்னாலும் வச்சுக்கங்க தம்பி. என் கட்டை மட்டும் அந்தப் பிள்ளை தொட வேண்டாம்" என்றார்.

சரி என்றேன். அவருடைய போல்டரில் செக்யூரிட்டிக்குப் போய் அந்த யூசர் பெயரை எடுத்துவிட்டேன். மூன்று மாதம் முடிந்து வேலை நிரந்தரமாகி, மற்ற போல்டர்கள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடப்பட்டுவிட்டன. அது மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அந்த அம்மா ரிட்டர்ன் விஷயமாக வரும் நாட்களில் அவர் வேலையை நானே உட்கார்ந்து செய்துகொடுக்கிறேன்.